டிரான்ஸிஸ்டரின் வேகமும் மின்சாரச் சிக்கனமும்

மனிதன் தன் ஏவலுக்கு ஆட்படுத்திய சக்திகளுள் மின்சக்தியே எளிதிற் பணிபுரிவது. ஆயினும், அஃது உற்பத்தி நிலையத்தினின்று வரும் வடிவிலேயே எல்லாக் கருவிகளுக்கும் பயன்படுவதன்று. நம் இல்லங்களுக்கு வருவது 230 வோல்ட்டு மாறு மின்சாரம். கைப்பேசி வேண்டுவதோ 5 வோல்ட்டு அளவான நேர் மின்சாரம். கணிப்பொறியின் மூளையாகிய சில்லு ஏறத்தாழ 1 வோல்ட்டே வேண்டுகின்றது. இவற்றிடையே நின்று, வந்ததை வேண்டிய அளவில் மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி என்னும் கருவி. அது மாற்றும்பொழுது எவ்வளவு சக்தியை வீணாக்குகின்றது? அவ்வீணினை எங்ஙனம் குறைக்கலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை, அக்கருவியினுள் இருக்கும் டிரான்ஸிஸ்டர் எத்துணை விரைவில் திறந்து எத்துணை விரைவில் மூடுகின்றது என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

டிரான்ஸிஸ்டர் 1947ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் தோன்றியது. பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி என்னும் மூவரும் இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1956இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரியதொரு மின்னோட்டத்தை ஆளுதலே இதன் தொழில். இவ்வாட்சியை இருவகையாகச் செய்யலாம்: பாதி திறந்த மடையைப்போல் மின்னோட்டத்தை நெருக்கி விடலாம், அன்றி, முற்றும் திறப்பதும் முற்றும் மூடுவதுமாக மாறி மாறி விடலாம். முன்னது நேர்முறை, பின்னது ஸ்விச்சு முறை.

நேர்முறையின் குறையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து 5 வோல்ட்டு, 2 ஆம்பியர் வேண்டுமென்று கொள்வோம். பயன் தருவது 5 × 2 = 10 வாட்டு. எஞ்சிய 7 வோல்ட்டையும் டிரான்ஸிஸ்டரே தன் மேல் தாங்குகின்றது. அதனூடே 2 ஆம்பியரும் ஓடுகின்றது. ஆதலின் 14 வாட்டு அங்கேயே வெப்பமாகிக் கழிகின்றது. கொடுத்தது 24 வாட்டு. பெற்றது 10 வாட்டு. நூற்றுக்கு 42 பங்கே பயன். பாலை ஊற்றும்போது பாதிக்கு மேல் தரையிற் சிந்துபவனை யாம் சமர்த்தன் என்போமா?

ஸ்விச்சு முறையின் நுட்பத்தைக் குயவன் சக்கரத்தால் விளக்கலாம். குயவன் தன் சக்கரத்தை ஓயாது தள்ளிக்கொண்டிருப்பதில்லை. கோலை ஊன்றி ஒருமுறை விசையுறச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுகின்றான். சக்கரத்தின் கனமே அவ்விசையைச் சேமித்து வைத்துச் சீராகச் சுழல்கின்றது. அவ்வாறே, டிரான்ஸிஸ்டர் மின்னோட்டத்தைச் சிறு சிறு தள்ளுதல்களாக ஒரு கம்பிச் சுருளினுள் விடுகின்றது. சுருள் தன் காந்தப் புலத்தில் அச்சக்தியைச் சேமித்து வைத்து, ஸ்விச்சு மூடியிருக்கும் காலத்தில் ஒரு டையோடின் வழியாக மின்னோட்டம் தொடர்ந்து ஓடச் செய்கின்றது. மின்தேக்கியாகிய கண்டன்ஸர் எஞ்சிய ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 42 பங்கு நேரம் திறந்து வைத்தால் 12 வோல்ட்டு 5 வோல்ட்டாக இறங்கும். திறந்திருக்கும்போது டிரான்ஸிஸ்டரில் மின்னோட்டம் உண்டு, மின்னழுத்தம் இல்லை. மூடியிருக்கும்போது மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. வெப்பம் இவ்விரண்டின் பெருக்கலாதலின், இருநிலையிலும் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

இக்கருத்து புதியதன்று. டிரான்ஸிஸ்டர் வருமுன்னரே, மோட்டார் வண்டிகளில் வைத்த வால்வு வானொலிகளில் வைப்ரேட்டர் என்னும் துடிக்கும் இரும்பு நாக்கு வினாடிக்கு ஏறத்தாழ நூறு முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விட்டது. அதன் முனைகள் தேய்ந்தன, ஓசையும் எழுந்தது. டிரான்ஸிஸ்டருக்கு அசையும் உறுப்பு யாதும் இல்லை. வினாடிக்கு நூறாயிரம் முறை வெட்டினும் அது தேய்வதில்லை.

அத்துணை வேகம் எதற்கு என்று வினவலாம். 50 சுற்று மாறு மின்சாரத்தில் இயங்கும் பழைய மின்மாற்றியைத் தூக்கிப் பார்த்தோர் அதன் கனத்தை அறிவர். ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு உள்ளகம் ஒரு குறித்த அளவு காந்தப் பாய்வையே தாங்கும். சுற்றுக்கள் மிகுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய பாய்வு குறையும்; ஆகவே உள்ளகமும் சிறுக்கும். வினாடிக்கு 100,000 சுற்று எனின், செங்கல்லைப் போன்ற மின்மாற்றி தீப்பெட்டி அளவாகச் சுருங்குகின்றது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 என்னும் கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் என்பார் ஸ்விச்சு முறை மின்வழங்கியை அமைத்தார். வெப்பம் குறைந்தமையால் அக்கணிப்பொறி விசிறியின்றியே இயங்கிற்று.

எனினும், கதவு ஒரு கணத்திலே திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. திறக்கும் வழியிலும் மூடும் வழியிலும் டிரான்ஸிஸ்டர் பாதி திறந்த நிலையைக் கடந்தே செல்லவேண்டும். அச்சிறு பொழுதில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருங்கே நிற்கின்றன, வெப்பம் பிறக்கின்றது. இதுவே மாறுநிலை நட்டம். இதனைக் கணிக்க எளிய வழி உண்டு: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கிப் பாதியாக்கி, திறக்கும் காலத்தையும் மூடும் காலத்தையும் கூட்டிய தொகையாற் பெருக்கி, வினாடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்குக.

முன் கூறிய எடுத்துக்காட்டில், 100,000 சுற்றில், திறக்க 1 மைக்ரோ வினாடியும் மூட 1 மைக்ரோ வினாடியும் ஆகின்றன எனின், நட்டம் 2.4 வாட்டு. அக்காலங்களை 20 நானோ வினாடியாகக் குறைத்தால் நட்டம் 0.048 வாட்டு. டிரான்ஸிஸ்டர் அதுவே, சுருளும் அதுவே, வேகம் ஐம்பது மடங்கு மிகுந்தமையால் நட்டம் ஐம்பதில் ஒரு பங்காயிற்று. இவ்வேகத்தைப் பெறும் உபாயங்கள் டிரான்ஸிஸ்டரின் இனத்திற்கேற்ப வேறுபடும்.

முதலாவது, இருதுருவ டிரான்ஸிஸ்டர். இதன் பேஸ் என்னும் வாயிலில் மின்னோட்டம் செலுத்தினால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு வழி திறக்கும். நன்கு திறக்கவேண்டும் என்று கருதிப் பேஸுக்கு மிகுதியாக ஊட்டுவோமாயின், அதன் உள்ளே மின்னூட்டத் துகள்கள் தேவைக்குமேல் நிறைந்துவிடுகின்றன. திருவிழாவன்று மண்டபம் நிறைய மக்கள் கூடியிருக்க, வாயிற்கதவை உடனே சாத்த முடியுமா? உள்ளிருப்போர் வெளியேறிய பின்னரே சாத்தலாம். அவ்வாறே, பேஸின் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும், தேங்கிய துகள்கள் தீரும்வரை கலெக்டர் மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். இதற்குத் தேக்கக் காலம் என்று பெயர் தரலாம். பெரிய டிரான்ஸிஸ்டர்களில் இது பல மைக்ரோ வினாடியாதலும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஈண்டும் மெய்யாகின்றது.

இதற்கு மூன்று மருந்துகள் உள. ஒன்று, பேஸின் தடைக்குக் குறுக்கே ஒரு சிறு கண்டன்ஸரை இணைத்தல். திறக்கும் கணத்தில் அது ஒரு மின்னூட்டத்தை விரைந்து உள்ளே தள்ளும்; மூடும் கணத்தில் அதே அளவை வெளியே இழுக்கும்; இடைக்காலத்தில் வாளாவிருக்கும். இரண்டாவது, மூடும்போது பேஸை வெறுமனே விட்டுவிடாது எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தித் தேங்கிய துகள்களை வெளியேற்றுதல். மூன்றாவது, மிகுதியாகத் தேங்காமலே காத்தல். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ரிச்சர்டு பேக்கர் 1956இல் வெளியிட்ட முறையில், கலெக்டரின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போது, மிகையான பேஸ் மின்னோட்டம் ஒரு டையோடின் வழியாகக் கலெக்டருக்கே திருப்பி விடப்படுகின்றது. நிறைந்த குடத்தில் வழிவாயில் வைத்தாற்போன்றது இது. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. திறந்த நிலையில் 0.2 வோல்ட்டளவாக இருக்கவேண்டிய மின்னழுத்தம் 0.7 வோல்ட்டளவுக்கு உயர்ந்துவிடும். மாறும்போது மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கைத் திறந்திருக்கும்போது கொடுத்துவிடுகின்றோம்.

இரண்டாவது இனம் மாஸ்பெட். இஃது அட்டலா, காங் என்னும் இருவரால் 1959இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஆக்கப்பட்டது. இதன் வாயிலாகிய கேட், மெல்லிய காப்புப் படலத்தால் பிரிக்கப்பட்டிருத்தலின், திறந்து வைத்திருக்க மின்னோட்டம் வேண்டுவதில்லை; துகள் தேக்கமும் இல்லை. ஆனால், கேட் ஒரு கண்டன்ஸரைப் போன்றது. ஒவ்வொரு முறையும் அதனை நிரப்பித் திறக்கவேண்டும், வெறுமையாக்கி மூடவேண்டும். நடுவில் ஓர் இடையூறும் உண்டு. கேட்டிற்கும் டிரெயினுக்கும் இடையேயுள்ள சிறு கொள்திறன், டிரெயினின் மின்னழுத்தம் மாறும்போது பன்மடங்கு பெருகியதுபோல் நின்று, ஊட்டும் மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கிவிடுகின்றது. அப்போது கேட்டின் மின்னழுத்தம் ஏறாமல் சிறிது நேரம் மேடையிட்டாற்போல் நிற்கும். வால்வுகளில் இவ்விளைவை 1920இல் விளக்கியவர் ஜான் மில்லர். அவர் பெயராலேயே இஃது இன்றும் வழங்குகின்றது.

மேடையைக் கடக்க 10 நானோ கூலம் வேண்டுமெனக் கொள்வோம். 10 மில்லி ஆம்பியர் மட்டுமே தரவல்ல சில்லினால் நேரே ஊட்டினால் 1 மைக்ரோ வினாடி ஆகும். அரை ஆம்பியர் தரவல்ல தனி ஓட்டியை இடையில் வைத்தால் 20 நானோ வினாடி போதும். ஊசித் துளையால் குடத்தை நிரப்புவதற்கும் மதகைத் திறந்து நிரப்புவதற்கும் உள்ள வேறுபாடு இது. மேலே கண்ட 2.4 வாட்டும் 0.048 வாட்டும் இவ்விரு நிலைகளின் கணக்கேயாம். மாணவர் பலர் தாம் செய்த மின்வழங்கி சுடுகின்றதென்று பெரிய மாஸ்பெட்டை வாங்கி மாற்றுவர். பெரியதன் கேட்டுக்கு இன்னும் மிகுதியான மின்னூட்டம் வேண்டுமாதலின், ஓட்டியை மாற்றாதவரை வெப்பம் கூடுதலும் உண்டு. நோய் வேறு, மருந்து வேறு ஆகலாகாது.

டிரான்ஸிஸ்டரை மட்டும் திருத்தினாற் போதாது. அதனுடன் மாறி மாறி உழைக்கும் டையோடையும் நோக்கவேண்டும். சாதாரண சிலிக்கன் டையோடில் 0.7 வோல்ட்டு வீணாகின்றது. நம் எடுத்துக்காட்டில் அஃது 0.82 வாட்டாகும். அன்றியும், அதனுள்ளும் துகள் தேக்கம் உண்டு. டிரான்ஸிஸ்டர் திறக்கும் கணத்தில் டையோடு உடனே அடைபடாது எதிர்த்திசையிலும் சிறிது நேரம் மின்னோட்டத்தை விட்டு நட்டத்தைப் பெருக்கும். ஷாட்கி டையோடில் இத்தேக்கம் இல்லை, 0.4 வோல்ட்டளவே கழிவதால் நட்டம் 0.47 வாட்டாகக் குறைகின்றது. அதனினும் சிறந்தது, டையோடின் இடத்தில் மற்றொரு மாஸ்பெட்டை வைத்து உரிய காலத்தில் திறந்து மூடுதல். அதன் தடை 20 மில்லி ஓமாயின், நட்டம் 0.05 வாட்டுக்கும் குறைவே. முதலில் மெதுவான ஸ்விச்சும் சாதாரண டையோடும் கொண்டு ஏறத்தாழ 75 பங்கு பயன் தந்த அம்மின்வழங்கி, இத்திருத்தங்களால், சுருளின் நட்டம் முதலியவற்றைச் சேர்த்து மொத்தம் அரை வாட்டே கழியும் எனின், 95 பங்கு பயன் தருவதாகின்றது.

இரண்டு டிரான்ஸிஸ்டர்கள் ஒன்றன் மேலொன்றாக நிற்கும் இவ்வமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒன்று முற்றும் மூடுமுன் மற்றொன்று திறந்துவிட்டால், மின்கலத்தின் இருமுனைகளும் அவற்றின் வழியே நேரே இணைந்து, இரண்டும் நொடிப்பொழுதில் வெந்துபோகும். ஆதலின், ஒன்று மூடியபின் மற்றொன்று திறக்கும்வரை சில பத்து நானோ வினாடி இடைவெளி விடுவர். மூடும் காலம் இத்துணையென்று திட்டமாக அறியாதவன் அவ்விடைவெளியையும் திட்டமாக வைக்க இயலாது. ஆகவே வேகம் என்பது சிக்கனத்திற்கு மட்டுமன்றிக் கருவியின் உயிருக்கும் காவலாகின்றது.

ஆயின், வேகத்தை எல்லையின்றிப் பெருக்கலாமோ எனின், ஆகாது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியும் 10 நானோ ஹென்றி அளவான ஒரு சுருளே. 2 சென்டிமீட்டர் கம்பியில் ஓடும் 20 ஆம்பியரை 10 நானோ வினாடியில் நிறுத்தினால் 40 வோல்ட்டு எழும்பி டிரான்ஸிஸ்டரைத் தாக்கும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் தறிகெட்டுத் துடித்து, அருகிலுள்ள வானொலிகளில் இரைச்சலை உண்டாக்கும். இதனைத் தணிக்க, மின்னோட்டம் சுற்றும் வளையத்தை இயன்றவரை குறுக்குதல், தடையும் கண்டன்ஸரும் சேர்ந்த ஸ்னப்பர் என்னும் தணிப்பானை வைத்தல், கேட்டின் முன் ஓர் அளவான தடையிட்டு வேகத்தைச் சிறிது மட்டுப்படுத்தல் ஆகியவை வழக்கிலுள்ளன. வண்டிக்குக் குதிரை மட்டும் போதாது, கடிவாளமும் வேண்டும்.

வேகத்தை மேலும் கூட்டாமலே நட்டத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. மூடிய டிரான்ஸிஸ்டரின் கொள்திறனில் சக்தி தேங்கியுள்ளது. 300 வோல்ட்டில் 100 பிகோ பாரடு எனின், திறக்கும்போதெல்லாம் அது வெப்பமாகி, வினாடிக்கு 100,000 சுற்றில் 0.45 வாட்டும், பத்து லட்சம் சுற்றில் 4.5 வாட்டும் கழியும். சுருளையும் கண்டன்ஸரையும் இசைவித்து அதிரச் செய்து, டிரான்ஸிஸ்டரின் மேலுள்ள மின்னழுத்தம் தானே பூஜ்யமாகும் கணம் நோக்கித் திறந்தால் இந்நட்டம் இல்லையாகும். ஓடும் வண்டியில் தாவி ஏறுதலினும் நின்ற வண்டியில் ஏறுதல் நலமன்றோ?

பெரிய மின்னழுத்தங்களுக்கு உரிய ஐ.ஜி.பி.டி. என்னும் சாதனத்தின் வரலாறும் இப்பொருளுக்கு ஏற்றதொரு சான்று. இதனை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. அவர் 1948இல் சென்னையிற் பிறந்து, 1969இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவர். மாஸ்பெட்டின் எளிய வாயிலையும் இருதுருவ டிரான்ஸிஸ்டரின் குறைந்த தடையையும் ஒன்றுசேர்த்த இச்சாதனத்திற்கு, மூடிய பின்னும் மின்னோட்டம் வால்போல நீளும் குறை இருந்தது. அவர் சிலிக்கனை எலெக்ட்ரான் கதிர்களால் தாக்கி, தேங்கிய துகள்கள் விரைவில் ஒன்றோடொன்று கூடி மறையுமாறு செய்து, அவ்வாலைக் குறுக்கினார். கதிரை மிகுத்தால் வேகம் கூடும். திறந்த நிலையின் நட்டமும் கூடும். குறைத்தால் இரண்டும் குறையும். எப்பணிக்கு எது தகுமோ அதனை அளந்து கொள்ளும் ஆற்றலே அம்முறையின் சிறப்பு. மின்சார ரயில்களையும் மின்சார மோட்டார் வண்டிகளையும் இன்று இச்சாதனங்கள் பெரிதும் இயக்குகின்றன. அவருக்கு 2024இல் பின்லாந்து நாட்டின் மிலேனியம் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பட்டது.

சிலிக்கனுக்குப் பதிலாக வேறு பொருள்களும் இப்பொழுது வந்துள்ளன. சிலிக்கனில் எலெக்ட்ரானை விடுவிக்க 1.1 எலெக்ட்ரான் வோல்ட்டு வேண்டும். கேலியம் நைட்ரைடில் 3.4 வேண்டும், சிலிக்கன் கார்பைடிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின் அவை மிக மெல்லிய அடுக்கிலேயே பெரிய மின்னழுத்தத்தைத் தாங்கும், தடையும் குறையும், நிரப்பவேண்டிய மின்னூட்டமும் குறையும். கைப்பேசிக்குச் சக்தியூட்டும் சிறு கருவிகள் அண்மையில் உள்ளங்கையில் அடங்கும் அளவாகச் சுருங்கியமைக்குக் கேலியம் நைட்ரைடு ஒரு காரணமாகும். ஆயினும் அதன் கேட் சில வோல்ட்டே தாங்குவதாதலின், ஓட்டியை அமைப்பதில் முன்னினும் கவனம் வேண்டும்.

இவ்வளவு முயற்சியும் சில வாட்டுகளுக்காகவா என்று எவரேனும் வினவலாம். 50 கணிப்பொறிகள் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றும் 100 வாட்டு உண்கின்றது எனக் கொள்வோம். மின்வழங்கி 70 பங்கு பயன் தருவதாயின் ஒவ்வொன்றிலும் 43 வாட்டு வீண். 90 பங்காயின் 11 வாட்டே வீண். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தில் அக்கூடம் மிச்சப்படுத்துவது 12 யூனிட்டுக்கு மேலாகும். அன்றியும், வெப்பம் 10 டிகிரி குறையுந்தோறும் மின்வழங்கியிலுள்ள கண்டன்ஸரின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் விதி. மின்கட்டணத்தோடு குப்பையும் குறைகின்றது.

சோதனை செய்ய விழையும் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. 12 வோல்ட்டு மின்கலத்தில் தொடங்குக. சுவர் மின்சாரத்தை நேரே வாங்கும் மின்வழங்கியில் முதற் கண்டன்ஸர் 325 வோல்ட்டு வரை நிறைந்திருக்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் அது கொல்ல வல்லது. ஆசிரியர் அருகில் இல்லாமல் அதனைத் திறத்தல் கூடாது. மின்கலத்தைக் கொண்டு செய்யும் கருவியிலேயே இக்கட்டுரையிற் கூறிய யாவற்றையும் ஆஸிலாஸ்கோப்பின் திரையிற் காணலாம்: கேட்டின் மேடையும், டிரெயின் இறங்கும் சாய்வும், மூடும்போது எழும் துடிப்பும் அங்கே தெளிவாகத் தோன்றும். டிரான்ஸிஸ்டர் சுடுகின்றதாயின், அவ்வெப்பம் திறந்திருக்கும்போது பிறந்ததா, மாறும்போது பிறந்ததா, டையோடினால் வந்ததா என்று முதலில் பகுத்து அளக்க. அதன் பின்னரே எதனை மாற்றுவதென்று துணிக. சுற்றுக்களைப் பாதியாக்கியும் வெப்பம் குறையவில்லையெனின் நோய் திறந்த நிலையில் உள்ளது; குறைந்ததெனின் மாறுநிலையில் உள்ளது. இச்சிறு சோதனைக்குப் பொருட்செலவு இல்லை; பொறுமையும் ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தாற் போதும்.